ரன்ஷி: பொருளும் தமிழும்

ஜப்பானிய மொழியில் பெண்ணின் கருமுட்டைக்கு ரன்ஷி என்று பெயர். இரண்டு எழுத்துகள்: 'ரன்' என்றால் முட்டை, 'ஷி' குழந்தையைக் குறிக்கும் எழுத்து.

ஜப்பானிய எழுத்தாளர் மியெகோ கவகாமியின் 'சிச்சி தோ ரன்' (மார்பகமும் முட்டையும்) குறுநாவலைத் தமிழாக்க நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். 2008 ஜனவரியில் அகுதாகவா என்ற ஜப்பானிய இலக்கியப் பரிசு பெற்ற கதை அது. மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்க, ஒசாகாவிலிருந்து தோக்கியோவுக்குத் தங்கை நட்சுகோவிடம் வருகிறாள் மகிகோ. கூடவே மகள் மிதொரிகோ. அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்ட சிறுமி. எதுவானாலும் எழுதித்தான் காட்டுவாள். அவள் குறிப்பேட்டில் ஒரு கேள்வி: இதற்கு 'ரன் சைபோ', அதாவது முட்டை உயிரணு என்பதுதானே சரியான பெயர், குழந்தை எங்கிருந்து வந்தது? ஆணின் விந்தணுவைக் குறிக்கும் 'செய்ஷி'க்கு இணையாக இருக்கட்டும் என்று அதே 'ஷி'யை ஒட்டிவிட்டார்கள் என்கிறாள்.

மொழியியல்படி பார்த்தால் 'ஷி' சிறு துகளையும் குறிக்கும். எலக்ட்ரானுக்கு டென்ஷி, அணுவுக்கு கென்ஷி. சரி, ஆனால் பருவமடையப் பயப்படும் ஒரு சிறுமிக்கு அந்த எழுத்தில் தெரிவது குழந்தைதான். அவள் பெயர், அம்மா பெயர், சித்தி பெயர் மூன்றும் முடிவது அதே எழுத்தில். பெயர்களில் மட்டும் அதை 'கோ' என்று வாசிப்பார்கள்.

தமிழில் என்ன சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் சூல், தமிழகப் பாடநூல்களில் அண்டம். மருத்துவமனையிலும் செய்தித்தாளிலும் கருமுட்டை. கரு உருவாகும் முன்பே பெயரில் கரு வந்து உட்கார்ந்துவிட்டது! ஆணுக்கோ 'விந்தணு'. அதில் அணு மட்டும்தான். ஜப்பானிய மொழி இருவர் மேலும் ஏற்றிய குழந்தையை நம் வழக்கு பெண் மேல் மட்டும் ஏற்றியிருக்கிறது. அறிவியல் எழுத்தில் 'முட்டை உயிரணு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். மிதொரிகோவின் குறிப்பேட்டில் மட்டும் ரன்ஷிக்குக் 'கருமுட்டை'தான் வேண்டும். இல்லையென்றால் அவள் கேள்விக்கே இடமில்லை.

அப்புறம், 'ரன்' எழுத்தையே தனியாகத் 'தமாகோ' என்று வாசித்தால் சமையலறை முட்டை. கதையின் உச்சத்தில் அம்மாவும் மகளும் தங்கள் தலையிலேயே உடைத்துக்கொள்வது அதைத்தான். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது: உடலுக்கும் சமையலறைக்கும் 'முட்டை' ஒன்றே போதும்.

இதே கதையை விரித்து கவகாமி 2019இல் வெளியிட்ட 'நட்சு மொனோகதாரி' நாவலில், துணையில்லாத நட்சுகோ கொடையாளரின் 'செய்ஷி'யால் பிள்ளை பெற விரும்புகிறாள். அங்கே 'விந்தணு' என்றே எழுதலாம்.