"யாராக இருந்தாலும் செய்வார்கள்தானே?"

உளவளத்துணைக்கு வருபவர்களிடம் முதல் சந்திப்பில் அவர்களுடைய குறைகளைக் கேட்டால் மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். முன்கோபம், சோம்பல், எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது என்று பட்டியல் நீளும். நல்ல குணங்களைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். சிலர் சிரித்து மழுப்புவார்கள், சிலர் "அதை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்" என்று முடித்துக்கொள்வார்கள். அதைத் தன்னடக்கம் என்று நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

வேலையை இழந்த நிலையில் வந்த ஒரு பெண்மணி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) "என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை" என்றார். நான் குணங்களைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, முந்தைய வாரத்தில் நடந்த ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். தோழியின் தந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளைச் சொன்னார். மருத்துவர் அவசரமாகப் பேசிவிட்டுக் கிளம்பும்போது குடும்பத்தினர் நால்வரும் தலையாட்டிக்கொண்டு நிற்க, இவர்தான் அவரை நிறுத்தி, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது, எது தவறிப்போனால் என்ன செய்வது என்று கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நேரவாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, "யாராக இருந்தாலும் செய்வார்கள்தானே?" என்றார். அங்கிருந்த மற்ற நால்வரும் செய்யவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் காது கொடுத்துக் கேட்பது இந்த வாக்கியத்துக்காகத்தான். இயல்பாக வரும் ஒன்றுக்கு நாம் முயற்சி எடுப்பதில்லை. முயற்சி எடுக்காத ஒன்றை நம் கணக்கில் வரவு வைப்பதும் இல்லை.

உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் வெளியிட்ட வகைப்பாடு, 6 அறப்பண்புகளின் கீழ் 24 குண வலிமைகளைத் தொகுத்தது. அவற்றுள் ஒருவருக்கே உரிய முத்திரை போன்ற சிலவற்றுக்கு அவர்கள் சொல்லும் அடையாளங்களில், "இதுதான் நான்" என்ற உணர்வும், அதைப் பயன்படுத்தும்போது களைப்புக்கு மாறாக ஊக்கம் பிறப்பதும் அடங்கும். இதற்கான வினாத்தாளை நிரப்பிவிட்டு, சுயகட்டுப்பாடு தமக்குக் கடைசி இடத்தில் வந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. வரிசை என்று ஒன்று இருந்தால் ஏதோ ஒன்று 24-ஆம் இடத்தில் இருந்துதான் ஆக வேண்டும். மேலும், 54 நாடுகளை உள்ளடக்கி 2006-இல் வெளியான ஆய்விலும் சுயகட்டுப்பாடு பலருக்கும் அடிவரிசையிலேயே வந்தது.

வினாத்தாளை நான் வேண்டாம் என்பதில்லை. ஆனால் வெறும் குணப்பெயர்களை நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பை, அவரவருக்கெனத் தனியாகத் தயாரித்தது போலக் கொடுத்தபோது, அது தங்களுக்குப் பொருந்துவதாக அவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தார்கள். ஆகவே "அன்பானவன்", "நேர்மையானவள்" என்று எழுதுவதை விட, அந்தக் குணம் வெளிப்பட்ட நாளையும் இடத்தையும் அப்போது சொன்ன சொற்களையும் எழுதும்படி கேட்கிறேன். கூடவே, அது நடக்காமல் போயிருந்தால் அங்கே என்ன குறைந்திருக்கும் என்றும் ஒரு வரி.

கண்டறிவதோடு நின்றாலும் பயன் குறைவு. செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தம் முத்திரைக் குணங்களை ஒரு வாரம் நாள்தோறும் புதிய முறையில் பயன்படுத்தியவர்களிடம் மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் வரை நீடித்தன. குணங்களை அடையாளம் கண்டதோடு நிறுத்தியவர்களிடம் அந்தப் பலன் நிலைக்கவில்லை. பங்கேற்றவர்கள் இணையம் வழியே தாமாக முன்வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

நல்ல குணம் அளவு மீறுவதும் உண்டு. இதை நான் வெட்கத்தோடு கற்றேன். பயிற்சிக் காலத்தில் என் பட்டியலில் முதலிடம் அறியும் ஆர்வத்துக்கு. அதில் எனக்குச் சிறு பெருமையும் இருந்தது. என் அமர்வு ஒன்றின் பதிவைக் கேட்ட மேற்பார்வையாளர் ஓரிடத்தில் நிறுத்தி, "அவர் அழுதுகொண்டிருக்கிறார், நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்" என்றார். அன்றிலிருந்து, உங்களைப் பற்றி வீட்டில் அடிக்கடி எழும் புகார் எது என்றும் கேட்டுக்கொள்கிறேன். "எல்லாவற்றிலும் தலையிடுவாள்" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அக்கறை அளவு தாண்டி நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை: கடுமையான மனச்சோர்வில் இருப்பவரிடம் இந்தப் பயிற்சியைத் திணிக்கக் கூடாது. அந்நிலையில் நினைவு கசப்பானவற்றையே முதலில் எடுத்துத் தரும். வெற்றுத்தாள் இன்னொரு தோல்வியாகவே தெரியும். அவர்களுக்கு முதலில் வேண்டியது சிகிச்சை.

அந்தப் பெண்மணி மூன்றாம் சந்திப்புக்கு ஏழு நிகழ்ச்சிகளை எழுதிவந்தார். ஐந்தில், மற்றவர்கள் கேட்கத் தயங்கிய ஒன்றை இவர் கேட்டிருந்தார். இதற்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டார். நீங்களே வையுங்கள் என்றேன். சற்று யோசித்து, "வாய்விட்டுக் கேட்கிற குணம்" என்று எழுதினார். அந்த 24-இல் அப்படி ஒரு பெயர் இல்லை. அதைத் திருத்த எனக்கும் தோன்றவில்லை.