சமுதாய வானொலி: அரசு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

பாம்பன் மீனவர்கள் கேட்கும் 'கடல் ஓசை' 90.4 வானொலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதெல்லாம் அவர்கள் பேசுகிற தமிழிலேயே அதில் வரும். நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடியில் 'களஞ்சியம்' இருக்கிறது. இவை அரசு நடத்தும் ஆகாசவாணியில் சேராது, லாபத்துக்கு நடக்கும் எஃப்.எம். வரிசையிலும் சேராது. ஒரு பகுதி மக்களுக்காக, லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் மூன்றாவது வகை, அதாவது சமுதாய வானொலி. இந்தியாவில் சுமார் 500 நிலையங்கள் இப்படி இயங்குகின்றன.

"நம்ம ஊர்லயும் ஒன்று ஆரம்பித்தால் என்ன, அரசு பணம் தருகிறதாமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தருகிறது. எதற்குத் தருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 2002 கடைசியில்தான் மத்திய அரசு கதவைத் திறந்தது. அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். முதல் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி 2006-ல் வந்தது. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் பஸ்தாபூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? கல்வி நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், அப்புறம் முறையாகப் பதிவான சங்கங்களும் அறக்கட்டளைகளும். தொண்டு அமைப்பு என்றால் அந்தப் பகுதி மக்களிடையே குறைந்தது மூன்று ஆண்டுகள் வேலை செய்த ஆதாரம் வேண்டும். வானொலிக்காகவே போன மாதம் பதிவு செய்த டிரஸ்ட் எடுபடாது. தனி நபருக்குக் கிடையாது. அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் மாணவர், மகளிர், தொழிற்சங்க அணிகளுக்கும் கிடையாது. பல மாவட்டங்களில் வேலை செய்யும் அமைப்பு, 2024-ல் திருத்திய விதிப்படி, வெவ்வேறு மாவட்டங்களில் 6 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் ஆன்லைனில் போகும். உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்கள் சரிபார்த்த பிறகு 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற முதல்கட்ட ஒப்புதல் கடிதம் வரும். கடிதம் கையில் வந்ததும் மைக் வாங்க ஓட வேண்டாம். அலைவரிசை ஒதுக்கீடு வேண்டும், அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், கடைசியாக ஒயர்லெஸ் உரிமம் வாங்க வேண்டும். கடிதம் ஓராண்டு செல்லும், மேற்கொண்டு மூன்று மாதம் அவகாசம் உண்டு. ஒப்பந்தக் காலம் முன்பு 5 ஆண்டுகளாக இருந்தது, இப்போது 10.

கட்டணம் பயப்படும்படி இல்லை. அனுமதிக் கட்டணம் என்று தனியாக எதுவும் கிடையாது. வங்கி உத்தரவாதம் 25,000 ரூபாய். அலைக்கற்றைக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டும். 2012-ல் இந்தத் தொகையை 19,700 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 91,000 ஆக்கினார்கள். நிலையங்கள் கொதித்தெழுந்த பிறகு அந்த உயர்வு கைவிடப்பட்டது. சிறிய நிலையங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அன்று டெல்லி புரிந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மானியம். 'இந்தியாவில் சமுதாய வானொலி இயக்கத்துக்கு ஆதரவு' என்ற மத்தியத் திட்டம் கருவிகள் வாங்க உதவுகிறது. டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, மிக்சர், மைக் போன்றவை இதில் அடங்கும். முதலில் செலவில் பாதி தந்தார்கள். 2018 வாக்கில் அதை 75 சதவீதமாகவும், வடகிழக்கு மாநிலங்களுக்கு 90 சதவீதமாகவும் உயர்த்தினார்கள், உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். ஆக, 10 லட்சத்துக்குக் கருவி வாங்கினால் மீதி இரண்டரை லட்சம் உங்கள் பொறுப்பு. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பில் உள்ள வரம்பை அமைச்சகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேசிய விருதுகளும் உண்டு, பரிசுத் தொகையோடு.

நிலையங்கள் தடுமாறுவது இதற்கு அப்புறம்தான். மின் கட்டணம், நிகழ்ச்சி தயாரிக்கிறவர்களுக்குச் சம்பளம், டிரான்ஸ்மிட்டர் பழுது: இவை எதற்கும் மாதாமாதம் யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள். விளம்பரம்தான் வழி. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்று 2024-ல் நிர்ணயித்தார்கள், அதற்கு முன் 52. கணக்குப் போட்டால் மணிக்கு 5,328 ரூபாய் வருகிறது. தாளில் அழகான எண். அந்த 12 நிமிடமும் நிரம்ப வேண்டுமே! 100 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துச் சுமார் 10 கிலோமீட்டர் வரை எட்டும் நிலையத்துக்கு விளம்பரம் தரக்கூடியவர்கள் அந்த வட்டாரக் கடைக்காரர்கள்தான். முழு நிகழ்ச்சிக்கும் ஸ்பான்சர் பிடிக்கலாம் என்றால், பொதுநலத் தகவல் சொல்லும் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்ட அனுமதி தேவை. அதனால் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே, மானியம் இல்லாத இரண்டு வருடச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்பேன். கல்லூரி நடத்தும் நிலையங்களுக்குச் சம்பளமும் கட்டடமும் கல்லூரியிலிருந்தே வந்துவிடும். கிராமத்து அறக்கட்டளைக்கு அந்த வசதி இல்லை.

என்ன ஒலிபரப்பலாம்? பாதி நிகழ்ச்சிகளாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும். ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள். நல்ல விதி. இடறுவது செய்தியில்தான். சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே, அல்லது வட்டார மொழியில் பெயர்த்துத் தரலாம். வானிலை, பேரிடர் எச்சரிக்கை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர் பற்றிய தகவல்கள் செய்திக் கணக்கில் வராது. அதாவது குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று தாராளமாகச் சொல்லலாம். நான்கு நாளாக ஏன் வரவில்லை என்று நிருபரை அனுப்பி விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. அலைவரிசையைக் கொடுத்துவிட்டு வாயைப் பாதி மூடும் இந்த விதி எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்கும் யூடியூப் சேனலுக்கும் இந்தத் தடை கிடையாது.

இன்னொன்று: ஒலிபரப்பிய எல்லா நிகழ்ச்சிகளின் பதிவையும் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எழுதிப் பார்க்கச் சொன்ன அந்தத் தாளில் ஹார்ட் டிஸ்க் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.