இரும்பு அயனியும் எட்டுக் கணக்கும்

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும்போது ஒரு தவறு ஒவ்வொரு ஆண்டும் என்னை வருத்துகிறது. இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு அயனியின் எலக்ட்ரான் அமைப்பை, அதாவது 3டி, 4எஸ் எனும் ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் உறையும் இடங்கள்) எத்தனை எலக்ட்ரான் என்பதைக் கேட்டால், 3டி-யில் 4, 4எஸ்-இல் 2 என்று பலர் எழுதுகிறார்கள். 3டி-யில் 6 இருக்க வேண்டும், 4எஸ் காலியாக வேண்டும்.

இந்தத் தவறு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது என்பதுதான் சிக்கல். 3டி-யில் 4 இருந்தாலும் 6 இருந்தாலும் ஜோடி சேராத தனித்த எலக்ட்ரான்கள் நான்குதான். அவற்றின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் காந்தத் திருப்புத்திறன் (காந்தத்தன்மையின் அளவு) இரண்டிலும் 4.90 போர் மேக்னட்டான் (அதன் அலகு) என்றே வரும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அப்படி எழுதிய ஒரு மாணவியிடம், மூன்று எலக்ட்ரான் இழந்த அயனிக்குப் போடச் சொன்னேன். 3டி-யில் 3, 4எஸ்-இல் 2 என்று எழுதி 3.87 என்றாள். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அந்த அயனிக்குச் சோதனையில் கிடைப்பது 5.92-ஐ ஒட்டிய மதிப்பு; 3டி-யில் 5, 4எஸ் காலி என்று போட்டால்தான் அது வரும். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்போ முதல்ல எழுதினதும் தப்பா சார்?" என்று கேட்டாள்.

கடைசியில் நிரம்பியது முதலில் போகும் என்று நாம் சொல்லிக்கொடுப்பதன் விளைவு இது. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ்-தான் ஆற்றல் குறைந்தது. ஸ்காண்டியம் முதல், அணுக்கருவின் இழுப்பு கூடக்கூட 3டி உள்ளே சுருங்கி 4எஸ்-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெளியே நிற்கும் 4எஸ் எலக்ட்ரான்தான் முதலில் வெளியேறும்.

இன்னொரு குழப்பம் எண்ம விதியில், அதாவது பிணைப்பில் அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான் அமையும் என்ற விதியில் வருகிறது. கந்தக ஹெக்சாபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றி 12 எலக்ட்ரான்; 3டி ஆர்பிட்டால் உதவுவதால் எட்டு விரிகிறது என்று படித்திருப்போம். அங்கே டி-யின் பங்கு மிகக் குறைவு என்பதைக் குவாண்டம் கணக்கீடுகள் எப்போதோ காட்டிவிட்டன. அதே விளக்கத்தை மாணவர்கள் நிக்கல் டெட்ராகார்பனைலுக்கும் எழுதுகிறார்கள். நிக்கலுக்கு 3டி, ஆபத்துக்குக் கைகொடுக்க வருகிற ஆர்பிட்டால் இல்லை. அதுவே பிணைப்பில் இறங்கும் சொந்த ஆர்பிட்டால். டி ஐந்து, எஸ் ஒன்று, பி மூன்று, ஆக ஒன்பது ஆர்பிட்டால்கள். 18 எலக்ட்ரானுக்கு இடம். நிக்கலின் 10, நான்கு கார்பன் மோனாக்சைடு ஈனிகள் (உலோகத்துக்கு எலக்ட்ரான் இணை தரும் மூலக்கூறுகள்) தரும் 8, சேர்ந்தால் 18. இரும்பு பென்டாகார்பனைலிலும் 8-உடன் 10 சேர்ந்து அதே 18. இதை விரிந்த எட்டு என்று சொல்வதே பொருந்தாது என்பது என் கருத்து.

18-ஐயும் மாறாத சட்டமாக ஆக்கிவிடக் கூடாது. ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த ஊதா நிற டைட்டானியம் அயனியில் எண்ணிப் பாருங்கள், டைட்டானியத்தின் 1, நீர் தரும் 12, ஆக 13-தான் வரும்.

ஆசிரிய நண்பர்களே, தேர்வில் மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பையே கேளுங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அப்போதுதான் தாளில் தெரியும்.