ஜெரிங்கோன்சா: கூட்டணியா, காயலாங்கடை வண்டியா?

போர்ச்சுகீசிய மொழியில் 'ஜெரிங்கோன்சா' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, வெளியாளுக்குப் பிடிபடாத பேச்சு. நம் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நெருக்கம். மற்றது, அங்கங்கே ஒட்டுப்போட்டு, எப்போது கழன்று விழுமோ என்று ஆடும் இயந்திரம். ஆங்கிலத்தின் 'ஜார்கன்' இதற்குத் தூரத்து உறவு.

அரசியலில் ஒட்டிக்கொண்டது இரண்டாவது பொருள். போர்ச்சுகலின் 2015 அக்டோபர் தேர்தலில் அப்போதைய பிரதமர் பாசோஸ் கோயெல்யுவின் வலதுசாரி அணி முதலிடம் பிடித்தது; ஆனால் 230 இடங்களில் 107தான். சோஷலிஸ்ட் தலைவர் அன்டோனியோ கோஸ்டா, இடது அணி, கம்யூனிஸ்ட், பசுமைக் கட்சி மூன்றோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டார். நவம்பர் 10 அன்று பாசோஸ் அரசு கவிழ்ந்தது; இந்த ஆதரவோடு கோஸ்டா ஆட்சிக்கு வழி பிறந்தது. இதெல்லாம் ஓர் அரசா, ஜெரிங்கோன்சா என்று நாடாளுமன்றத்தில் நையாண்டி செய்தவர் வலதுசாரித் தலைவர் பாவ்லோ போர்டாஸ். அதற்கு முன்பே பத்தி எழுத்தாளர் வாஸ்கோ புலீடு வலென்டே கையாண்ட சொல்தான். ஊரெல்லாம் பரப்பியது போர்டாஸ்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? ஆங்கிலப் பத்திரிகைகள் 'கன்ட்ராப்ஷன்' (ஒப்பேற்றிய விநோத இயந்திரம்) என்று எழுதின. நல்ல தேர்வு, அந்த லொடலொடப்பு அப்படியே வருகிறது. சறுக்கியது வெறுமனே 'கோயலிஷன்' (கூட்டணி) என்று எழுதியவர்கள்தான். அந்த மூன்று கட்சிகளும் ஓர் அமைச்சர் பதவிகூட வாங்கவில்லையே!

தமிழில் 'கிச்சடி ஆட்சி' என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கிச்சடியில் எல்லாம் ஒரே பானையில் வேகும். இங்கே மூன்று பேரும் அடுப்படிக்கே வரவில்லை. செய்தி நடைக்கு 'வெளி ஆதரவில் நடக்கும் சிறுபான்மை அரசு' சரி. கிண்டல் தொனிக்கு 'காயலாங்கடை வண்டி'.

ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வசையாக வந்ததைக் கோஸ்டா தரப்பே பிறகு ஏற்றுக்கொண்டது: ஓட்டை வண்டிதான், ஆனால் ஓடுகிறதே! 2016-ல் போர்ட்டோ எடிட்டோரா பதிப்பகம் நடத்திய வாக்கெடுப்பில் அது ஆண்டின் சொல்லாகவும் தேர்வானது. ஆதரவாளர் பேச்சில் வரும்போது 'நம்ம ஓட்டை வண்டி' என்றால் அந்தச் செல்லம் வந்துவிடும்.

2019 தேர்தலுக்குப் பிறகு அப்படி எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. 2021 அக்டோபரில் கோஸ்டாவின் பட்ஜெட்டை இடது அணியும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து வாக்களிக்க, அது தோற்றது. பிற்காலக் கட்டுரைகளில் இச்சொல் பெரும்பாலும் 2015–19 ஆட்சியின் பெயராகவே வருகிறது; அங்கே 'ஜெரிங்கோன்சா' என்றே விட்டுவிட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.