மௌஸ் எதை நினைவில் வைத்திருக்கும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக் கணினியில் கேமிங் மௌஸ் ஒன்றின் டிபிஐயை (கை அசைவுக்குச் சுட்டி எவ்வளவு நகரும் என்ற அளவை) 800க்கு வைத்து, பக்கப் பொத்தானுக்கு மக்ரோ (ஒரே அழுத்தலில் பல விசைகளைப் போடும் கட்டளை) எழுதி, வெளிச்சத்தையும் நீலமாக்கியாயிற்று. அதே மௌஸைக் கழற்றிக்கொண்டு கொக்குவிலில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனால்? டிபிஐ பெரும்பாலும் 800இலேயே நிற்கும். நீலம் நிற்கலாம்; வானவில் நிறங்கள் ஓடவும் தொடங்கலாம். மக்ரோ அநேகமாக வேலை செய்யாது. இதற்காக மௌஸைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மௌஸ் கொம்பனி தரும் அமைப்பு மென்பொருளில் ஒரே திரையில் செய்த மாற்றங்கள் ஒரே இடத்தில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சில மௌஸின் வயிற்றுக்குள், சில கணினிக்குள், சில கொம்பனியின் சேர்வரில். இந்த மென்பொருள்களால் வரும் தலையிடியில் பாதி, எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வருவது.

லொஜிடெக் ஜி ஹப், ரேசர் சினாப்ஸ், கோர்செயார் ஐக்யூ, ஸ்டீல்சீரிஸ் ஜிஜி எல்லாம் இந்த இனம். இவை எதுவும் இல்லாமலே மௌஸ் எந்தக் கணினியிலும் ஓடும். யூஎஸ்பியோடு சேர்ந்து வந்த ஹெச்ஐடி என்ற பொது ஒழுங்குதான் காரணம். செருகியதும் மௌஸ் தன்னை அறிமுகப்படுத்தும். முதலில் கொம்பனி இலக்கம் (ரேசருக்கு 1532, ஸ்டீல்சீரிஸுக்கு 1038), அடுத்தது மாதிரி இலக்கம். பிறகு, தான் அனுப்பும் தகவலில் எந்தப் பிற்று பொத்தான், எது இடம் வலம், எது மேல் கீழ் என்ற விவரம். கேமிங் மௌஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே வயரில் இரண்டு மூன்று சாதனங்களாகத் தன்னைக் காட்டும்: ஒரு மௌஸ், ஒரு கீபோட், அதோடு கொம்பனியின் மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் ஒரு தனிக் கதவு. கீபோட் இல்லாத கணினியின் சாதனப் பட்டியலிலும் ஒரு கீபோட் தெரிவது இதனால்தான்.

அந்தத் தனிக் கதவால் மென்பொருள் கதைக்கும் கதை மிகவும் சின்னது. லொஜிடெக்கின் முறையில் ஒரு செய்தி 7 பைட்டு அல்லது 20 பைட்டு. ரேசரில் 90 பைட்டு. என்ன கட்டளை, என்ன எண், இடையில் ஏதும் கெட்டுப்போகவில்லை என்று பார்க்க ஒரு சரிபார்ப்புத் தொகை, இவ்வளவும் அதற்குள் அடங்கிவிடும். "டிபிஐ 800" என்ற செய்தியை அனுப்ப நூற்றுக்கணக்கான எம்பி அளவில் ஒரு மென்பொருளை ஏன் இறக்கவேண்டும் என்று டேட்டா பக்கேஜ் பார்த்துப் பார்த்துப் பாவிக்கும் வீட்டில் கேட்டால் அது நியாயமான கேள்வி. இவற்றுள் பலவற்றின் முகப்பு, முழு இணைய உலாவி ஒன்றின் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டது. வெளிச்ச விளையாட்டுகள், விளம்பரங்கள், கணக்கு நுழைவு எல்லாம் அந்தச் சுமையோடு வருபவை.

டிபிஐ என்பது மௌஸின் அடியில் இருக்கும் சின்னக் கமெராவின் கணக்கு. பிக்ஸ்ஆர்ட் கொம்பனியின் பிஎம்டபிள்யூ 3360 சென்சரை எடுத்துக்கொண்டால், அது மேசைப் பரப்பை 36க்கு 36 புள்ளிகள் கொண்ட படமாகச் செக்கனுக்கு 12,000 தடவை வரை பிடிக்கும். முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும். 800 டிபிஐ என்றால் ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கை. 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க 2.4 அங்குலம், அதாவது 6 சென்ரிமீற்றர் கை அசைய வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் 25,600 டிபிஐயில் அதே திரையைக் கடக்க 2 மில்லிமீற்றர் கூட வேண்டாம். அந்த எண் விற்பனைக்கு, விளையாட்டுக்கு அல்ல. இந்த அளவைச் சோதிக்க முன் வின்டோஸின் சுட்டி அமைப்பில் வேகத்தைச் சரி நடுப் படியில் வைத்து, 'சுட்டித் துல்லியத்தை மேம்படுத்து' என்ற தெரிவை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் வேகமாக அசைக்கும்போது ஒரு கணக்கும் மெதுவாக அசைக்கும்போது இன்னொரு கணக்கும் வரும்.

அடுத்தது போலிங் ரேட், அதாவது கணினி மௌஸைச் செக்கனுக்கு எத்தனை தரம் விசாரிக்கிறது என்பது. சாதாரண மௌஸுக்கு 125 தரம், 8 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. கேமிங் மௌஸுக்கு 1000, இப்போது 8000ம் வந்துவிட்டது. சராசரியாகக் காத்திருக்கும் நேரம் இடைவெளியின் பாதி. ஆகவே 125இலிருந்து 1000க்குப் போனால் 3.5 மில்லிசெக்கன் மிச்சம். 1000இலிருந்து 8000க்குப் போனால் அரை மில்லிசெக்கனும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2800 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர மட்டும் 28 மில்லிசெக்கன். கேபிள் நேராகவா போகிறது? அங்கே இருக்கும் சேர்வரில் விளையாடுபவர் 8000ஐத் தெரிவு செய்து, பழைய நாலு கோர் கணினியின் மூச்சை வாங்க வைப்பதில் இலாபமில்லை. 1000 போதும்.

மென்பொருளின் மூலையில் ஒளிந்திருக்கும் ஓர் அமைப்புக்குத்தான் குடாநாட்டில் மதிப்பு அதிகம்: டிபவுன்ஸ் நேரம். பொத்தானுக்குக் கீழே இருப்பது ஒரு சின்னச் செப்புத் தகடு. அழுத்தும்போது அது ஒரே தரத்தில் ஒட்டாது. சில மில்லிசெக்கன்கள் துள்ளித்தான் நிற்கும். அந்தத் துள்ளலை இரண்டாவது சொடுக்காக எண்ணாமலிருக்க மௌஸ் சற்றுக் கண்ணை மூடிக்கொள்ளும். கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில், உவர்க்காற்றுப் படும் யன்னலோரம் வருடக்கணக்காக இருக்கும் மௌஸின் தொடுமுனையில் படலம் பிடிக்கும். கேமிங் மௌஸ்களில் அந்தச் சுவிட்சுக்குள் ஓடும் மின்னோட்டமும் மிகக் குறைவு என்பதால் படலம் எரிந்து போவதுமில்லை. விளைவு, ஒரு சொடுக்கு இரண்டாகும். கோப்பு ஒன்றை இழுக்கும்போது பாதியில் விழும். டிபவுன்ஸை மாற்ற விடும் மென்பொருளென்றால் 4 மில்லிசெக்கனிலிருந்து 8, பிறகு 12 என்று ஏற்றிப் பாருங்கள். அடங்கினால் சில மாதம் ஓடும். 16க்கும் அடங்காவிட்டால் சுவிட்சையே மாற்றவேண்டும். மூன்று கால்களைச் சூட்டுக்கோலால் எடுத்து வைக்கும் வேலை, மௌஸைவிட மலிவு.

இனி மக்ரோ. இரண்டு வழி இருக்கிறது. மௌஸின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால், பொத்தானை அழுத்தியதும் மௌஸே தன் போலிக் கீபோட்டால் எழுத்துகளை அனுப்பும். எந்தக் கணினியிலும் வேலை செய்யும். மற்ற வழியில் மௌஸ் "பொத்தான் 5" என்று மட்டும் சொல்லும்; எழுத்துகளைப் போடுவது கணினியில் ஓடும் மென்பொருள். கொக்குவிலில் அது இல்லை, ஆகவே மக்ரோவும் இல்லை. எந்த விளையாட்டு முன்னால் திறந்திருக்கிறது என்று பார்த்துத் தானாக மாறும் புரொஃபைல்களும் (சேமித்து வைத்த அமைப்புத் தொகுப்புகளும்) இந்த இரண்டாம் வகைதான். அதை மௌஸ் ஒருபோதும் அறியாது. எது எங்கே எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க, புரொஃபைலை மௌஸின் உள் நினைவகத்தில் சேமித்து, மென்பொருளைத் திரையின் கீழ் வலது மூலைச் சின்னத்திலிருந்தும் முழுதாக மூடி, மௌஸைக் கழற்றிச் செருகி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துங்கள். மிஞ்சியது எதுவோ அதுதான் மௌஸுடையது. மக்ரோ பாவிக்கும் பெடியளுக்கு இன்னொன்று: கவுன்ரர் ஸ்ட்ரைக் 2இல், ஒரு விசையால் பல அசைவுகளைச் செய்விக்கும் தானியங்கு முறைகளை, அந்த விளையாட்டின் கொம்பனியான வால்வ் 2024 ஓகஸ்டில் தடை செய்தது. கீபோட் கொம்பனியே தந்த வசதி என்றாலும் ஆட்டத்திலிருந்து தூக்கிவிடும்.

ஹெட்செட்டில் இந்த இடப் பிரச்சினை இன்னும் சுவாரசியமானது. வயர் ஹெட்செட், டொங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன வயர்லெஸ் துண்டு) ஹெட்செட் பலவற்றில் ஈக்குவலைசர் (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) ஓடுவது ஹெட்செட்டுக்குள் அல்ல, வின்டோஸின் ஒலிப்பாதையில். மென்பொருள் அங்கே ஒரு வடிகட்டியைச் செருகிவிடும். ஃபோனோடு புளூடூத்தில் சேரும் ஹெட்போன்களில் பெரும்பாலும் எண்கள் ஹெட்போனின் சிப்புக்கே அனுப்பப்படும். ஃபோனை மாற்றினாலும் சத்தம் மாறாது. சோதனை முன்போலத்தான்: வேறொரு கணினியில் செருகிக் கேளுங்கள்.

அந்த வடிகட்டிக்குத் தேவை மூன்று எண்கள்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டியில் ஐந்து பெருக்கல். பத்து வடிகட்டி, இரண்டு காது என்றால் செக்கனுக்கு 48 லட்சம் பெருக்கல். இன்றைய கணினிக்கு அது தூசு. கெடுவது வேறிடத்தில். எண்ணாக்கிய ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் எண் இல்லை. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் இரட்டிப்பாகும். கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேட்டபடி 'பாஸ் பூஸ்ட்' போட்டால், தவிலின் ஒவ்வொரு அடியும் கூரையில் இடித்துத் தட்டையாகும். கேட்பது தவில் அல்ல, படபடப்பு. ஹெட்செட் உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். மருந்து லேசு. எந்த அதிர்வெண்ணை அதிகமாக ஏற்றினீர்களோ, அதே அளவு முன்பெருக்கியை (முழு ஒலியையும் முன்கூட்டியே ஏற்றி இறக்கும் கட்டையை) இறக்குங்கள்: 6 ஏற்றினால் முன்பெருக்கி மறை 6. அந்தக் கட்டை மென்பொருளில் இல்லையென்றால் ஏற்றாதீர்கள், தேவையில்லாததை இறக்குங்கள். காலடிச் சத்தம் துலங்க 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் இறக்குவது, மேலே ஏற்றுவதைவிட நல்ல பலன் தரும். குண்டு வெடிப்பின் முழக்கம் காலடியை மூடாது.

'7.1 சரவுண்ட்' என்பது இரண்டே இரண்டு ஒலிபெருக்கியில் செய்யும் வித்தை. வலப்பக்கம் இருந்து வரும் சத்தம் இடக்காதுக்கு ஏறத்தாழ 0.6 மில்லிசெக்கன் பிந்தி, தலையின் மறைப்பால் கூர்மை குறைந்து சேரும். காது மடலின் மடிப்புகளும் சில அதிர்வெண்களை வெட்டும். இந்த வேறுபாடுகளை அளந்து வைத்து, ஏழு திசைக்கும் இரண்டு காதுக்குமாகப் பதினான்கு வடிகட்டிகளைப் பூசினால் மூளை ஏமாறும். ஆனால் ஒருமுறைதான் ஏமாற்றலாம். விளையாட்டே இந்தக் கணக்கைச் செய்து அனுப்ப, அதன்மேல் ஹெட்செட் மென்பொருளின் 7.1ம், அதற்கும் மேல் வின்டோஸின் சொந்தத் திசை ஒலி வசதியான வின்டோஸ் சொனிக்கும் இருந்தால், பூசியதன்மேல் பூசி, திசை அழிந்து குளியலறைச் சத்தம்தான் மிஞ்சும். விளையாட்டின் ஒலி அமைப்பில் ஹெட்போனுக்கான திசை வசதி இருந்தால் அதை மட்டும் வைத்து, மற்ற இரண்டையும் நிறுத்துங்கள்.

புளூடூத் ஹெட்போனில் டிஸ்கோர்ட் (விளையாடும்போது கதைக்கும் செயலி) திறந்ததும் பாட்டு பழைய தொலைபேசிச் சத்தமாகச் சுருங்குவதற்கு எந்த மென்பொருளிலும் கட்டை தேடவேண்டாம். மைக் திறந்ததும் இணைப்பு, இசைக்கான முறையிலிருந்து அழைப்புக்கான முறைக்கு இறங்கும். அங்கே மாதிரி வீதம் பெரும்பாலும் 8000 அல்லது 16,000 மட்டுமே. டிஸ்கோர்டின் உள்ளீட்டில் லப்டொப்பின் மைக்கைத் தெரிவு செய்தால் இசை திரும்பும். 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் விட்டுவிட்டுக் கேட்டால் அது நீல நிற யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளைகளின் வேகமான சமிக்ஞை அதே அலைவரிசையில் இரைச்சல் போடும் என்பதை இன்ரெல் 2012இலேயே விளக்கி எழுதியது. ஒரு மீற்றர் நீட்சி வயரில் டொங்கிளை மேசைக்குக் கொண்டுவந்தால் தீரும்.

இந்த மென்பொருள்கள் செய்யும் வேலைகளில் உண்மையான ஆபத்துள்ளது ஃபேர்ம்வெயார் அப்டேற். மௌஸின் பழைய நிரலை அழித்து, அதன் இடத்தில் புதியதைத் துண்டு துண்டாக எழுதும் வேலை. இடையில் கறண்ட் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் செய்யாதீர்கள், லப்டொப்பில் செய்யுங்கள். வயர்லெஸ் சாதனமென்றால் வயரால் இணைத்து, பற்றரி பாதிக்கு மேல் ஏறிய பிறகு, யூஎஸ்பி ஹப் வழியாக அல்லாமல் நேரடித் துளையில். நின்றுவிட்டாலும் அவசரப்பட்டு எறியவேண்டாம். முதலில் எழும் சின்ன நிரல் பெரும்பாலும் தனி இடத்தில் பாதுகாப்பாக இருக்கும். சாதனம் வேறொரு மாதிரி இலக்கத்தோடு தெரியும். மென்பொருளை மூடித் திறந்து திரும்ப அப்டேற் கொடுத்தால் பல தடவை பிழைக்கும். குறை ஒன்றும் இல்லாத சாதனத்துக்கு அப்டேற் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவற்றின் சேவைகள் கணினியில் உயர் அதிகாரத்தோடு ஓடுபவை. 2021 ஓகஸ்டில், ரேசர் மௌஸ் ஒன்றைச் செருகியதும் வின்டோஸ் தானாக இறக்கும் நிறுவியின் வழியாக, சாதாரணப் பாவனையாளர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுக்க முடியும் என்று வெளியானது. கொம்பனி பிறகு திருத்தியது. பெயர் தெரியாத மலிவு மௌஸின் பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியிலிருந்து இறக்கும் மென்பொருளை அந்த அதிகாரத்தோடு ஓடவிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் பாவிப்போருக்கு பைப்பர், சொலார், ஓப்பன்ரேசர் என்று அதே செய்திகளை அனுப்பும் சின்ன மென்பொருள்கள் உள்ளன. வின்டோஸிலும் ஏதும் நிறுவாத வழி ஒன்று வந்துவிட்டது. 2021இல் குரோம் 89இலிருந்து, நீங்கள் அனுமதி கொடுத்தால் இணையப் பக்கமொன்றே யூஎஸ்பி வழியாக மௌஸின் அந்தத் தனிக் கதவைத் தட்டலாம். சில கொம்பனிகள் இப்போது அமைப்புப் பக்கத்தை இப்படியே தருகின்றன. திறந்து, டிபிஐயும் பொத்தான்களும் எழுதி, பக்கத்தை மூடிவிடலாம். பின்னணியில் ஒன்றும் ஓடாது. குரோமிலோ எட்ஜிலோ திறக்கவேண்டும். ஃபயர்பொக்ஸிலும் சஃபாரியிலும் பக்கம் வரும், மௌஸ் மட்டும் பட்டியலில் வராது.