கம்பைல் ஆயிடுச்சு, சரி, அடுத்து? ரஸ்ட்ல பேக்கெண்ட் எழுதி டிப்ளாய் பண்றவங்களுக்கு

"கம்பைல் ஆயிடுச்சுன்னா ஓடிரும்"னு ரஸ்ட் மொழில எழுதுறவங்க நடுவுல ஒரு பேச்சு இருக்கு. பாதி உண்மைதான், அதான் ஆபத்தே. மெமரிய யார் வச்சிருக்காங்கன்னு சரிபாக்கற பாரோ செக்கரோட மல்லுக்கட்டி, ஒரு ரெஃபரன்ஸ் எவ்வளவு நேரம் செல்லும்ங்கற லைஃப்டைம் எல்லாம் சரி பண்ணி, ஒருவழியா எர்ரர் இல்லாம பில்ட் முடிஞ்சதும் ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதிலயே ப்ரொடக்ஷனுக்கு தள்ளிடறாங்க. அப்புறம் ஒருநாள் சர்வீஸ் விழும்போது பாத்தா, நான் பாத்துக்கறேன்னு கம்பைலர் என்னைக்குமே சொல்லாத இடத்துலதான் உடைஞ்சிருக்கும். ரிவ்யூ பண்ற கோட்லயும், சரி பண்ணித்தாங்கன்னு வர்ற சர்வீஸ்லயும் திரும்பத் திரும்ப பாக்குறத இங்க எழுதறேன்.

கம்பைலர் எத பாத்துக்குதுன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது சின்ன விஷயம் இல்ல. 2014ல வந்த ஹார்ட்ப்ளீட் ஓட்டை நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், என்க்ரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு நீளத்த சரிபாக்காம விட்டதால சர்வர் மெமரில கிடக்கறத வெளில இருந்து யார் வேணா உருவ முடிஞ்சுது. மைக்ரோசாஃப்ட் 2019ல சொன்ன கணக்குப்படி அவங்க வருஷாவருஷம் அடைக்கற செக்யூரிட்டி ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரி தப்புனால வந்ததுதான். சில சரிபார்ப்புக்கு நாமளே பொறுப்பெடுத்துக்கற அன்சேஃப் கோட் எழுதாதவரைக்கும் இந்த வகை தப்பு ரஸ்ட்ல கிட்டத்தட்ட வராது, ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல ஒரே டேட்டால கை வைக்கற டேட்டா ரேஸும் வராது. பயன்படாத மெமரிய அப்பப்ப தேடி எடுக்கற கார்பேஜ் கலெக்டர் கிடையாதுங்கறதும் சில சர்வீஸுக்கு பெரிய விஷயம். சாட் ஆப் டிஸ்கார்ட்ல யார் எந்த மெசேஜ் வரைக்கும் படிச்சாங்கன்னு கணக்கு வச்சிக்கற சர்வீஸ் கோ மொழில இருந்துது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவ கலெக்டர் ஓடும்போது லேட்டன்சி, அதாவது பதில் வர்ற நேரம், எகிறுது, எவ்வளவு ட்யூன் பண்ணாலும் அது போகலன்னு ரஸ்ட்டுக்கு மாத்தினாங்க, 2020ல அத விவரமா எழுதினாங்க.

இத படிச்சிட்டு நாமளும் மாத்தலாம்னு கிளம்புறதுக்கு முன்னாடி உங்க சர்வீஸ்ல நேரம் எங்க போகுதுன்னு அளந்து பாருங்க. ஒரு ரிக்வெஸ்ட் 100 மில்லிசெகண்ட் எடுக்குது, அதுல 90 டேட்டாபேஸ் கொயரிக்கே போகுதுன்னா எந்த மொழில எழுதினாலும் அந்த 90 அப்படியேதான் இருக்கும், ஒரு இன்டெக்ஸ் போட்டா குறையறத ரீரைட் பண்ணி குறைக்க முடியாது. மெமரி செலவு நிஜமாவே கையக் கடிக்குதா, லேட்டன்சியோட வால்பகுதி, அதாவது ரொம்ப மெதுவா போற கொஞ்ச ரிக்வெஸ்ட், உங்களுக்கு முக்கியமா, சிபியு வேலை அதிகமா, இதுல ஒண்ணாவது ஆமான்னா ரஸ்ட் நல்ல முடிவு. இல்லன்னா கம்பைல் டைமுக்கும் புதுசா வர்றவங்க கத்துக்கற காலத்துக்கும் நீங்கதான் விலை குடுக்கணும்.

சரி, மாத்தியாச்சுன்னு வச்சிப்போம். ரிவ்யூக்கு ஒரு ரஸ்ட் சர்வீஸ் வந்தா நான் மொதல்ல தேடறது அன்ராப். ரிசல்ட்ல (வெற்றியோ எர்ரரோ வர்ற மதிப்பு) எர்ரர் இருந்தா பேனிக் ஆகிடு, அதாவது அங்கயே ஓட்டத்த நிறுத்திடுங்கறதுதான் அதோட அர்த்தம். டெஸ்ட்ல போடுங்க, ஸ்டார்ட் ஆகும்போது கான்ஃபிக் இல்லன்னா விழட்டும்னு, காரணத்த சொல்லி பேனிக் ஆகற எக்ஸ்பெக்ட் போடுங்க, அதெல்லாம் சரிதான். ஓடிட்டு இருக்கும்போது வெளில இருந்து வர்ற டேட்டா மேல போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு 2025 நவம்பர் 18 போதும். நிறைய சைட்டுக்கு முன்னாடி நின்னு ட்ராஃபிக்க கடத்தற க்ளவுட்ஃப்ளேர்ல ஒரு டேட்டாபேஸ் பெர்மிஷன மாத்தினாங்க, அதனால ஒரு கொயரி ஒரே வரிசைய ரெட்டிப்பா குடுத்துது, அதுலருந்து தயாராகற, தானியங்கி ப்ரோக்ராம் (bot) அனுப்பற ரிக்வெஸ்ட கண்டுபிடிக்கிற ஃபைல் வழக்கத்த விட ரொம்ப பெருசாச்சு. அந்த ஃபைல படிக்கற ப்ராக்ஸி ரஸ்ட்ல எழுதினது, 200 ஃபீச்சருக்கு (கண்டுபிடிக்க பாக்கற அம்சம்) மேல வராதுன்னு மெமரிய முன்கூட்டியே ஒதுக்கி வச்சிருந்தாங்க, சாதாரணமா அறுபது சொச்சம்தான் வரும். 200 தாண்டினதும் எர்ரர் வந்துது, அத அன்ராப் பண்ணிருந்தாங்க, பேனிக். உலகத்துல பாதி சைட் 5xx எர்ரர் (சர்வர் பக்க தப்பு) காட்டின மாதிரி இருந்துது, எல்லாம் பழையபடி வர கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆச்சு. மெமரி ஒரு பைட் கூட கெடல, ரஸ்ட் சொன்னத சொன்னபடி செஞ்சுது. இதுக்கு கம்பைலர திட்ட முடியாது.

ரஸ்ட் கோட சரிபாக்கற க்ளிப்பில அன்ராப்_யூஸ்ட், எக்ஸ்பெக்ட்_யூஸ்ட்னு ரெண்டு லின்ட் (எச்சரிக்கை விதி) இருக்கு, தானா ஆன்ல இருக்காது, நீங்கதான் போடணும். போட்டு, தானா பில்ட், டெஸ்ட் ஓட்டற சிஐல டினை (மீறினா பில்ட் நிக்கும்) பண்ணிடுங்க, தேவைப்படற இடத்துல மட்டும் காரணத்த எழுதி அலோ குடுங்க. மொதல் வாரம் எல்லாரும் முணுமுணுப்பாங்க, பரவால்ல. இன்னொண்ணு, பைனரி சைஸ் குறையும்னு எங்கயோ படிச்சிட்டு ரிலீஸ் ப்ரொஃபைல்ல பேனிக் ஈக்வல்ஸ் அபார்ட் போடறவங்க இருக்காங்க. சாதாரணமா ஒரு ஹேண்ட்லர்ல (ரிக்வெஸ்ட்டுக்கு பதில் தயார் பண்ற ஃபங்ஷன்) பேனிக் ஆனா, அசிங்க் கோட ஓட்டற டோக்கியோ லைப்ரரில அந்த ஒரு டாஸ்க்தான் சாகும், மத்த ரிக்வெஸ்ட் ஓடிட்டே இருக்கும். அபார்ட் போட்டா மொத்த ப்ராசஸும் போயிடும், அந்த நேரத்துல உள்ள இருந்த அத்தனை பேரோட ரிக்வெஸ்ட்டும் சேந்துதான். தெரிஞ்சு போடறீங்கன்னா சரி.

அடுத்தது அசிங்க், அதாவது காத்திருக்கற நேரத்துல வேற வேலைக்கு வழி விடற கோடுக்குள்ள ப்ளாக் பண்றது. டோக்கியோ சாதாரணமா ஒரு கோருக்கு ஒரு வொர்க்கர் த்ரெட்தான் வச்சிக்கும், நாலு கோர்னா நாலு. அவெய்ட் வர்ற இடத்துலதான் ஒரு டாஸ்க் இன்னொண்ணுக்கு வழி விடும், நடுவுல நீங்க ரொம்ப நேரம் பிடிச்சு வச்சா அந்த த்ரெட்ல வேற எதுவும் நகராது. பாஸ்வேர்ட் ஹாஷ் இதுக்கு நல்ல உதாரணம், ஆர்கான்2ங்கற ஹாஷ் முறை மெதுவா ஓடணும்னே செஞ்சது. ஒரே நேரத்துல நாலு பேர் லாகின் பண்றாங்க, நாலு த்ரெட்டும் ஹாஷ்ல மாட்டிக்குது, கூட்டம் வந்துட்டே இருந்தா ஹெல்த் செக்குக்கு பதில் சொல்லக்கூட ஆள் இல்ல. கன்டெய்னர்கள ஓட்டி மேய்க்கற குபர்னெட்டிஸ்ல, உயிரோட இருக்கான்னு கேக்கற லைவ்னஸ் ப்ரோபுக்கு டீஃபால்ட் டைம்அவுட் ஒரு செகண்ட்தான், தொடர்ந்து மூணு தடவ பதில் வரலன்னா கன்டெய்னர கொன்னுடும், நல்லா வேலை செஞ்சிட்டு இருந்த சர்வீஸ செத்துப்போச்சுன்னு நினைச்சு. டேஷ்போர்டுல ரீஸ்டார்ட் மட்டும் தெரியும், காரணம் தெரியாது.

இப்படி பிடிச்சு வைக்கற வேலைய தனி த்ரெட்டுக்கு தள்ளற ஸ்பான்_ப்ளாக்கிங் போட்டுட்டா தீந்துதுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. அந்த த்ரெட் பூல் டீஃபால்ட்டா 512 வரைக்கும் வளரும். செக்யூரிட்டி வழிகாட்டுதல் குடுக்கற ஓவாஸ்ப் அமைப்பு சொல்ற ஆர்கான்2 செட்டிங்ல ஒண்ணு ஒரு ஹாஷுக்கு 19 மெபிபைட் எடுக்கும். 512 பெருக்கல் 19 போட்டு பாருங்க, ஒன்பதரை ஜிபி, உங்க பாடுக்கு (pod, குபர்னெட்டிஸ்ல சர்வீஸோட ஒரு பிரதி) குடுத்திருக்கறது 512 எம்பியா இருக்கும். அதனால ஒரு செமஃபோர் வச்சு ஒரே நேரத்துல இத்தனை ஹாஷ்தான்னு கட்டுப்படுத்தணும். மெமரி சேஃப்னு சொன்னா மெமரி தீராதுன்னு அர்த்தம் இல்ல, டாஸ்க்குக்கு இடையில டேட்டா அனுப்பற, லிமிட் இல்லாத சேனல்ல போட்டுட்டே போனாலும் இதே கதிதான், கம்பைலர் ஒரு வார்னிங் கூட குடுக்காது.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறது, இத நல்ல அனுபவம் உள்ளவங்களே தவற விடறாங்க. ரஸ்ட்ல ஒரு ஃப்யூச்சர (இன்னும் முடியாத அசிங்க் வேலை) ட்ராப் பண்ணா, அதாவது தூக்கிப் போட்டா, அது இருந்த இடத்துலயே நின்னுடும். ஆக்சம்ங்கற வெப் ஃப்ரேம்வொர்க்ல கனெக்ஷன் அறுந்தா, அதாவது யூசர் பொறுமை இழந்து டேப மூடிட்டா, உங்க ஹேண்ட்லர் ஏதோ ஒரு அவெய்ட்ல நின்னுட்டு இருக்கும், அந்த இடத்தோட காலி. எர்ரர் வராது, லாக் வராது, கீழ இருக்கற வரி ஓடவே ஓடாது. ஹேண்ட்லர்ல பேமென்ட் கேட்வேக்கு கால் பண்ணி பணத்த எடுக்கறீங்க, அடுத்த வரில ஆர்டர டேட்டாபேஸ்ல எழுதறீங்க. ரெண்டுக்கும் நடுவுல கனெக்ஷன் போச்சுன்னா பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. டேட்டாபேஸ் ட்ரான்சாக்ஷன் மட்டும்னா கவலை இல்ல, டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூஎல்எக்ஸ்ல ட்ரான்சாக்ஷன் ட்ராப் ஆனா ரோல்பேக் ஆகி பழையபடி ஆயிடும், வெளில போன பணத்த யார் ரோல்பேக் பண்றது? லோக்கல் டெஸ்ட்ல இது சிக்காது, ஏன்னா டெஸ்ட் எழுதறவர் பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பார்.

இதுக்கு வழி, பாதில விடக்கூடாத வேலைய டோக்கியோ ஸ்பான் பண்ணி தனி டாஸ்க்கா ஓடவிட்டு, அதோட ஹேண்டில அவெய்ட் பண்ணுங்க. ஹேண்டில் ட்ராப் ஆனாலும் டாஸ்க் ஓடிட்டேதான் இருக்கும். கூடவே ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஒரு ஐடம்பொடன்ஸி கீ (இது அதே கோரிக்கைதான்னு அடையாளம் காட்டற ஐடி) வச்சிடுங்க, யூசர் திரும்ப அழுத்தினா ரெண்டாவது தடவ பணம் போகக்கூடாது இல்லையா. பல வேலைல மொதல்ல முடியறத எடுத்துக்கற செலக்ட் மேக்ரோவும் டைம்அவுட்டும் உள்ளுக்குள்ள இதே ட்ராப் வேலையத்தான் செய்யுது, அதனால டைம்அவுட் லேயர சேக்கற அன்னைக்கு இந்த பாதி வேலை பிரச்சினையும் கூடவே வந்து உக்காந்துக்கும்.

அதுக்காக டைம்அவுட் போடாம இருக்கவும் முடியாது. எச்டிடிபி கால் பண்ற ரெக்வெஸ்ட் (reqwest) க்ரேட்டோட, அதாவது லைப்ரரியோட, அசிங்க் க்ளையன்ட்ல டீஃபால்ட் டைம்அவுட்டே கிடையாது, எதிர்ல இருக்கற சர்வர் கனெக்ஷன வாங்கி வச்சிக்கிட்டு சும்மா இருந்தா நீங்களும் சும்மா இருக்க வேண்டியதுதான். க்ளையன்ட் உருவாக்கற இடத்துலயே போட்டுடுங்க. கனெக்ஷன்கள திறந்து வச்சிக்கற டேட்டாபேஸ் பூல்லயும் ஒரு கணக்கு இருக்கு, எஸ்கியூஎல்எக்ஸ் பூல் டீஃபால்ட்டா 10 கனெக்ஷன், போஸ்ட்கிரெஸ் டீஃபால்ட்டா மொத்தமே 100, அதுலயும் மூணு சூப்பர்யூசருக்கு ஒதுக்கினது. பத்து பாட் ஓட்டினா இடிக்கும், ரோலிங் டிப்ளாய் நடக்கும்போது பழசும் புதுசும் சேந்து நிக்குமே, அப்ப இன்னும் சீக்கிரம் இடிக்கும்.

ரிலீஸ் பில்ட் பத்தி ஒண்ணு. டீபக்ல இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஆனா பேனிக், ரிலீஸ்ல டீஃபால்ட்டா சத்தமில்லாம சுத்தி வந்துடும். யூ32ல (நெகட்டிவ் வராத 32 பிட் எண்) ரன்டைம்ல வர்ற 5லருந்து 7 கழிச்சா ரிலீஸ்ல 4294967294. ஸ்டாக் எண்ணிக்கை, பேலன்ஸ் மாதிரி கணக்கு இருந்தா ரிலீஸ் ப்ரொஃபைல்ல ஓவர்ஃப்ளோ செக்ஸ ட்ரூன்னு வச்சிடுங்க, வெப் சர்வீஸுக்கு அந்த செலவு தெரியவே தெரியாது.

டிப்ளாய்மென்ட்டுக்கு வருவோம். ஒரே பைனரி, காப்பி பண்ணா போதும்னு சொல்லுவாங்க, கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா புது லினக்ஸ்ல பில்ட் பண்ணத பழைய லினக்ஸ்ல வச்சா ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) வெர்ஷன் இல்லன்னு ஸ்டார்ட்டே ஆகாது. ஓடப்போற இமேஜ் எதுவோ அதோட அதே வெர்ஷன்ல பில்ட் பண்றதுதான் நிம்மதி. அதுக்கு பதிலா மசில்ங்கற சி லைப்ரரிய பைனரிக்குள்ளயே ஸ்டாட்டிக்கா கட்டறவங்க மெமரி ஒதுக்கற அலோகேட்டரயும் மாத்திடுங்க, மசிலோட மாலக் நிறைய த்ரெட் இருந்தா திணறும், மிமாலக் இல்லன்னா ஜெமாலக் போட்டா சரியாகும், ரஸ்ட் ஸ்லோவா இருக்குன்னு வர்ற புகார்ல சிலது இதுதான். ஒண்ணுமே இல்லாத ஸ்க்ராட்ச் இமேஜ்ல, எதிர்ல இருக்கற சர்வர நம்பறதுக்கான சிஏ சர்ட்டிஃபிகேட் இருக்காது, சிஸ்டத்துலருந்து சர்ட்டிஃபிகேட் படிக்கற மாதிரி வச்சிருந்தா வெளில போற எச்டிடிபிஎஸ் கால் எல்லாம் விழும். 127.0.0.1ல (உள்ள இருந்து மட்டும் எட்டற முகவரி) பைண்ட் பண்ணிட்டு கன்டெய்னருக்கு வெளில இருந்து வரலயேன்னு தேடறது எல்லா மொழிலயும் இருக்கறதுதான், 0.0.0.0 போடுங்க. எஸ்கியூஎல்எக்ஸோட கொயரி மேக்ரோ கம்பைல் ஆகும்போதே டேட்டாபேஸ கேக்கும், சிஐல டேட்டாபேஸ் இல்லன்னா கார்கோ எஸ்கியூஎல்எக்ஸ் ப்ரிபேர் ஓட்டி வர்ற ஃபோல்டர கிட்ல போட்டுடுங்க.

நிறுத்தறதும் டிப்ளாய்தான். கன்டெய்னர்ல உங்க பைனரி பிஐடி 1ஆ (மொதல் ப்ராசஸ்) ஓடும், பிஐடி 1க்கு நீங்களா சிக்னல் ஹேண்ட்லர் எழுதலன்னா, நிறுத்தச் சொல்ற சிக்டெர்ம் சிக்னல் வந்தாலும் கெர்னல் அத கொல்லாது. அதனால டாக்கர் ஸ்டாப் 10 செகண்ட் காத்திருந்து, வலுக்கட்டாயமா கொல்ற சிக்கில் அடிக்கும், குபர்னெட்டிஸ் 30 செகண்ட் காத்திருந்து அடிக்கும், ஒவ்வொரு டிப்ளாய்க்கும் கொஞ்ச பேர் ரிக்வெஸ்ட் அறுந்து போகும். டாக்கர்ஃபைல்ல சிஎம்டிய ஷெல் வடிவத்துல எழுதினா இன்னும் மோசம், சிக்னல் ஷெல்லோட நின்னுடலாம். ஆக்சம்ல வித்_க்ரேஸ்ஃபுல்_ஷட்டவுன் இருக்கு, சிக்டெர்முக்கு காத்திருக்கற ஒரு ஃப்யூச்சர அதுக்கு குடுக்கணும். ஆனா அது கனெக்ஷன் முடியத்தான் காத்திருக்கும், மேல சொன்ன மாதிரி தனியா ஸ்பான் பண்ணி விட்ட டாஸ்க்க அதுக்கு தெரியாது, மெயின் முடிஞ்சதும் அதுவும் போயிடும். டோக்கியோ யூட்டில்ல டாஸ்க் ட்ராக்கர் இதுக்காகவே இருக்கு, ஸ்பான் பண்றத எல்லாம் அது வழியா பண்ணி, கடைசில அத மூடிட்டு வெய்ட் பண்ணணும்.

இதெல்லாம் உங்க சர்வீஸ்ல எப்படி இருக்குன்னு பாக்க பெரிய டூல் வேணாம். ஸ்டேஜிங்ல லோடு ஓடிட்டு இருக்கும்போதே டேட்டாபேஸ ஒரு நிமிஷம் நிறுத்துங்க, கேட்வேக்கு பதிலா பதிலே சொல்லாத ஒரு சர்வர வைங்க, பாதி க்ளையன்ட்ட நடுவுல அறுங்க, அதே நேரத்துல சிக்டெர்ம் அனுப்புங்க. பைனரிய ஸ்ட்ரிப் பண்ணி டீபக் தகவல எடுத்திருந்தீங்கன்னா அன்னைக்கு மட்டுமாவது வரி எண் சொல்ற லைன் டேபிள விட்டு வைங்க, ரஸ்ட் பேக்ட்ரேஸையும் ஆன் பண்ணுங்க, இல்லன்னா பேனிக்குக்கு மேல எந்த ஃபங்ஷன் கூப்பிட்டுதுன்னே தெரியாம வெறும் அட்ரஸா வரும்.