மாவுப்பூச்சிக்கு மருந்து கேக்குறதுக்கு முன்னாடி அந்த நுனிய ஒரு தடவ கிள்ளிப் பாருங்க

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் பயிர் ஆலோசனை சொல்றதுதான் பன்னெண்டு வருஷமா என் பொழப்பு. மாசி முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்சா காலையில 7 மணிக்கே போன் வந்துரும், எடுக்கும்போதே தெரியும், குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, கொல்லையில மாவுப்பூச்சி, "சார் என்னா மருந்து அடிக்கலாம்"ங்கிற கேள்விதான். மொத மழை நல்லா விழுற வரைக்கும் இதேதான்.

முன்னாடியெல்லாம் போன்லயே மருந்து பேரு சொல்லிடுவேன். இப்ப சொல்றதில்ல. அதுக்கு ஒரு அக்காவோட கொல்லைதான் காரணம்.

2021 கோடை. அவங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கிழங்கு. நுனியெல்லாம் கொத்தா சுருங்கி முட்டகோசு மாதிரி மடங்கிப் போச்சு, உள்ள பூரா வெள்ளை. நான்தான் மருந்து எழுதிக் குடுத்தேன். அடிச்ச பத்து நாள்ல வெள்ளை கொறஞ்சுது, ஒரு மாசத்துல முன்ன இருந்தத விட ஜாஸ்தியா வந்துருச்சு, மறுபடி அடிச்சாங்க, மறுபடி வந்துது, மூணு தடவ மருந்து காசு, ஆள் கூலி எல்லாம் போனதுதான் மிச்சம். மூணாவது தடவ போனப்ப அவங்க கேட்டாங்க, "ஏன் தம்பி, பக்கத்து கொல்லைக்காரரு ஒரு சொட்டு மருந்து அடிக்கல, அவருக்கு இவ்ளோ இல்லையே, எனக்கு மட்டும் ஏன்?" எனக்கு அன்னிக்கு பதில் தெரியல. காலேஜ்ல படிச்சது எல்லாமே இருந்துது, ஆனா அத அந்த கொல்லையில பொருத்திப் பாக்கத் தோணல.

பதில் என்னன்னா, நாங்க பூச்சிய மட்டும் கொல்லல, பூச்சிய தின்னுறதையும் சேத்துக் கொன்னுட்டோம்.

உணவுச் சங்கிலின்னு ஸ்கூல்ல எல்லாரும் படம் வரைஞ்சிருப்போம், புல்லு, வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. காட்டுக்குள்ள நடக்குற சமாச்சாரம்னு நெனச்சு பரிட்சை எழுதிட்டு மறந்துட்டோம். அதேதான் உங்க கொல்லையில ஒரு சாண் நுனிக்குள்ள நடக்குது. செடியோட சாற மாவுப்பூச்சி உறிஞ்சுது, மாவுப்பூச்சிய பொறிவண்டும் குளவியும் தின்னுது. ஒரு படியில இருந்து அடுத்த படிக்கு போறப்ப சக்தியில சுமாரா பத்துல ஒரு பங்குதான் மேல போய்ச் சேரும், 1942-ல ரேமண்ட் லிண்டெமன்ங்கிற அமெரிக்கர் ஏரியில ஆராய்ச்சி பண்ணி இந்த ஓட்டத்த எழுதி வச்சாரு. மாட்டுக்கு எவ்ளோ தீவனம் போட்டு எவ்ளோ பால் கறக்குறோம்னு யோசிச்சா இது புரியும், மிச்சமெல்லாம் நடக்கவும் மூச்சு விடவும் சாணியாவும் போயிடுது. அதனாலதான் தின்னப்படுறது பெரும்பாலும் நெறைய இருக்கும், தின்னுறது கம்மியா இருக்கும்.

இப்ப மருந்து அடிக்கிறீங்கன்னு வைங்க. மாவுப்பூச்சி சுருண்ட நுனிக்குள்ள மெழுகு போத்திட்டு உக்காந்திருக்கு, முட்டை பஞ்சுப் பைக்குள்ள பத்திரமா இருக்கு, மருந்து பாதி அங்க போய்ச் சேரவே சேராது. ஆனா பொறிவண்டும் குளவியும் எலை மேல திறந்தவெளியில சுத்திட்டு இருக்கும், அதுங்க மேல நேரா படும். தப்பிச்ச நாலு குளவிக்கும் அப்ப எரை கெடைக்காது. மாவுப்பூச்சிக்கு அந்தக் கவல இல்ல, சாறு செடியிலயே இருக்கு. அதுவும் இந்த குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியில ஆணே வேணாம், எல்லாம் பொட்டை, ஒண்ணு ஒண்ணும் நூத்துக்கணக்குல முட்டை போடும். ஒண்ணு 400 போட்டு எல்லாம் பொழைச்சா அடுத்த தலமுறையில 1,60,000. யாரு மொதல்ல திரும்பி வருவாங்கன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. அக்கா கொல்லையில அப்ப இந்தக் குளவி இன்னும் வந்து சேரல, ஆனா இருந்த பொறிவண்டுக்கு நடந்தது இதுதான்.

இந்தப் பூச்சி நம்மூர்க்காரன் கெடையாது. குச்சிக்கிழங்கே தென் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான், பூச்சியும் அங்கதான் பொறந்துது. 1970கள்ல ஆப்பிரிக்காவுக்கு, காங்கோ பக்கம், போயி அங்க கோடிக்கணக்கான ஜனங்க சாப்பிடுற கிழங்க சூறையாடிருச்சு. ஏன் அங்க அப்படி ஆடுச்சு, சொந்த ஊர்ல அடங்கி இருந்துது? சொந்த ஊர்ல அதத் தின்ன ஆளு இருந்தாங்க, புது ஊர்ல யாருமில்ல. படையெடுத்து வர்ற அயல் உயிரினம்னு சொல்றாங்களே, அது இதுதான், நம்ம சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் அதே கதைதான். 1981-ல பராகுவே நாட்டுல இந்தப் பூச்சியையும், கூடவே அதோட எதிரியா ஒரு சின்ன குளவியையும் கண்டுபுடிச்சாங்க, பேரு அனாகைரஸ் லோபெசி. சுவிட்சர்லாந்துக்காரரு ஹான்ஸ் ஹெரன் தலமையில அத ஆப்பிரிக்கா பூரா விட்டாங்க, பூச்சி அடங்குச்சு. அதுக்காக 1995-ல அவருக்கு உலக உணவுப் பரிசு குடுத்தாங்க.

நம்ம நாட்டுல 2020-ல கேரளாவுல மொதல்ல பாத்தாங்க, கொஞ்ச நாள்லயே சேலம், தர்மபுரி பக்கமெல்லாம் பரவிருச்சு. எப்படி பரவுச்சுன்னா பெரும்பாலும் நாமளே சுமந்துட்டு வந்ததுதான், நட குச்சி வாங்கி வந்தோமே அதுல ஒட்டிட்டு வந்துருச்சு. 2021-ல ஆப்பிரிக்காவுல இருக்குற பெனின் நாட்டுல இருந்து அதே குளவிய பெங்களூர்ல இருக்குற தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி நிலையத்துக்கு கொண்டு வந்தாங்க, 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க, அப்புறம் கிழங்கு போடுற மத்த இடத்துக்கும் போச்சு. பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கா, 2008-ல கோயம்புத்தூர்ல தலைய காட்டி பப்பாளி, மல்பெரி, கிழங்குன்னு ஒண்ணையும் விடல, அதுக்கும் 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டு வந்துதான் முடிவு கட்டினாங்க. மருந்து டப்பாவால முடிஞ்ச வேலை இல்ல அது.

சரி, கொல்லையில எத பாக்கணும்? நுனிய கிள்ளி உள்ளங்கையில வச்சு, கை லென்ஸ் இருந்தா லென்ஸ், இல்லன்னா போன் கேமராவ பெருசு பண்ணி பாருங்க. உயிரோட இருக்குற மாவுப்பூச்சி லேசா ரோஸ் கலந்த வெள்ளையா, மெத்துனு இருக்கும், அழுத்துனா நசுங்கும். அதுக்கு நடுவுல பழுப்பா, உப்பலா, கெட்டியா, ராகி மணி காஞ்ச மாதிரி ஒண்ணு ரெண்டு தெரியுதா? அது செத்த பூச்சி. குளவி அதோட ஒடம்புக்குள்ள முட்டை போட்டு, புழு உள்ளயே தின்னு முடிச்ச கூடு. ஒரு ஓரத்துல ஊசி குத்துன மாதிரி வட்டமா ஓட்டை இருந்தா குளவி வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். எத்தனையோ பேரு இத "சார் புதுசா பழுப்புப் பூச்சி வந்துருக்கு"ன்னு சொல்லி அதுக்கும் மருந்து கேட்டுருக்காங்க.

இன்னொண்ணு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு முடி போத்தி, ஆனா ரெண்டு மூணு மடங்கு பெருசா, வேகமா ஓடுச்சுன்னா அத நசுக்கிடாதீங்க. அது மாவுப்பூச்சிய தின்னுற ஒரு பொறிவண்டோட புழு. எலையில குரங்கு மொகம் மாதிரி ஒரு சின்ன கூடு ஒட்டியிருந்தா அது ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியோட கூடு, அதோட புழுவும் மாவுப்பூச்சியத்தான் சாப்புடும். மொத தடவ பாத்தப்ப எனக்கு உண்மையாவே சிலிர்த்துடுச்சு.

எறும்பையும் கவனிங்க. மாவுப்பூச்சி இனிப்பா கழியும், அத நக்குறதுக்காக எறும்பு வரிசை கட்டி ஏறும், காவலுக்கும் நிக்கும், குளவிய கிட்ட விடாது. எறும்பு ஜாஸ்தியா ஏறுற செடியில பழுப்புக் கூடு கம்மியாத்தான் இருக்கு, இது நான் கொல்லை கொல்லையா பாத்தது. அதனால எறும்புப் புத்த கவனிச்சாலே பாதி வேலை குளவி பாத்துக்கும்.

தர்மபுரிக்காரங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். நம்மூர்ல கிழங்குக் கொல்லைக்கு பக்கத்துலயே மல்பெரி இருக்கும். காத்தடிக்கிறப்ப நீங்க அடிச்ச மருந்து அந்த எலையில பட்டு, அத பட்டுப்புழு தின்னா ஒரு மாச உழைப்பு ஒரே ராத்திரியில போயிடும். அப்படி தட்டு தட்டா செத்துக் கெடந்த புழுவ அள்ளிக் கொட்டுன குடும்பத்த நான் பாத்துருக்கேன், அண்ணன் தம்பி கொல்லைங்க அது, இன்னிக்கும் பேச்சுவார்த்த இல்ல.

அந்த அக்கா 2023-ல மறுபடி கிழங்கு போட்டாங்க. நுனியில பழுப்புக் கூடு இருந்துது, நம்ப மாட்டேன்னாங்க, அதனால ஹார்லிக்ஸ் பாட்டில்ல பத்து நுனிய போட்டு வாயில மெல்லிசு துணி கட்டி நிழல்ல வச்சோம். ஒரு வாரம் கழிச்சு போன், "தம்பி, உள்ள கொசு மாதிரி என்னமோ பறக்குது." அது கொசு இல்லக்கா, உங்க ஆளுங்கதான்னேன். அந்த வருஷம் அவங்க மருந்து அடிக்கல. வரப்பு ஓரம் தட்டப்பயிறு போட்டாங்க, பொறிவண்டு வந்து தங்குறதுக்கு.

உங்க கொல்லையில 20 செடி நுனிய பாத்தும் ஒரு பழுப்புக் கூடு கூட தெரியலன்னா, ரொம்ப சுருங்குன நுனிய மட்டும் ஒடைச்சு எரிச்சுட்டு, ரெண்டு நுனிய கவர்ல கட்டி எடுத்துட்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு போயி குளவி கெடைக்குமான்னு கேளுங்க. கடைக்குப் போறது அதுக்கப்புறம். அடுத்த நடவுக்கு குச்சி எடுக்குறப்ப, வெள்ளை இருந்த கொல்லையில இருந்து எடுக்காதீங்க, ஓசியில குடுத்தாலும் சரி.